107-ஆம் அறை

நீண்ட பதிவு. ஆய்வுக் கட்டுரைக்குள் வைக்க இடமில்லாத ஒன்றை எங்கேனும் எழுதிவைக்க வேண்டியிருப்பதால் இங்கே எழுதுகிறேன். பேய்க்கதைகளைப் பற்றியது; ஆனால் அச்சமூட்டும் கதை எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

சென்ற அக்டோபரில் ஒரு மொழியியல் பயிலரங்குக்காக மசூரி சென்றிருந்தேன். இறுதி நாள் மாலையில் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் எங்கள் குழுவை மால் சாலை வழியே நடத்திச் சென்றார். நூலகச் சந்திப்பை நெருங்கியதும் நின்று, மேட்டின்மேல் மரங்களுக்கிடையே இருக்கும் சவாய் ஹோட்டலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். 1902-இல் திறக்கப்பட்ட விடுதி. 1911-இல் அங்கே தங்கியிருந்த பிரான்சஸ் கார்னெட்-ஓர்ம் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி தம் அறையில் இறந்து கிடந்தார். கதவு உட்புறமாகப் பூட்டியிருந்தது. இறப்புக்குக் காரணம் நஞ்சு எனத் தெரிந்தது. ஆவிகளோடு உரையாட முடியும் என்ற நம்பிக்கையில் ஈடுபட்டிருந்தவர் அவர். அவரோடு தங்கியிருந்து, சாவுக்கு முன்பே மசூரியை விட்டுச் சென்றுவிட்ட தோழிமீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, அலகாபாத்தில் வழக்கு நடந்து, அவர் விடுதலையானார். நஞ்சு எப்படி வந்தது என்பது தீராத வினாவாகவே நின்றுபோயிற்று. அகதா கிறிஸ்டியின் முதல் நாவலுக்கு இந்த வழக்குதான் தூண்டுதல் என்று மசூரிக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வதும் உண்டு.

இவ்வளவையும் வழிகாட்டி இந்தியில் நேரான இறந்தகால வாக்கியங்களில் சொன்னார். இறந்தார், பூட்டியிருந்தது, விடுதலையானார். அதன்பின் குரலைத் தாழ்த்தி, அந்தப் பெண்மணி இன்றும் தாழ்வாரங்களில் நடமாடுவதைச் சொல்லத் தொடங்கினார். அந்தக் கணத்தில் இலக்கணம் மாறிற்று. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ‘கஹதே ஹைன்’ வந்து நின்றது. ‘சொல்கிறார்கள்’. யார் சொல்கிறார்கள் என்பதற்கு எழுவாய் கிடையாது. தொழிற்பழக்கத்தால் விரல்விட்டு எண்ணினேன். ஐந்து நிமிடப் பேச்சில் பதினொரு முறை.

என் ஆய்வு இதைப் பற்றியதுதான். பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவே அடையாளப்படுத்தும் உறுப்புகள் தென்னிந்திய மொழிகளில் எவ்வாறு இயங்குகின்றன என்பது. தமிழில் ‘வந்தான்’ என்றால் சொல்பவர் அந்தக் கூற்றுக்குத் தாமே பொறுப்பேற்கிறார். ‘வந்தானாம்’ என்றால் ஏற்கவில்லை. கன்னடத்தில் ‘பந்த’ என்பது ‘பந்தனந்தெ’ ஆகிறது. தெலுங்கில் ‘வச்சாடு’ ‘வச்சாடட’ ஆகிறது. மலையாளத்தில் ‘அத்ரே’ வந்து ஒட்டுகிறது. இந்திக்கு இப்படி வாக்கியத்தின் வாலில் ஒட்டும் சிற்றுறுப்பு இல்லாததால் ‘கஹதே ஹைன்’, ‘சுனா ஹை’ என்று தனித்தொடராகச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. நமக்கு ஓர் அசை போதும். பாட்டிமார் கதையில் ராஜாவும் ‘ஒரு ராஜாவாம்’ என்றுதான் பிறக்கிறான்.

இந்த ‘ஆம்’ தன்மை இடத்தில் வரும்போது நடப்பது தனியே சுவையானது. ‘நான் தூங்கிவிட்டேனாம்’ என்று ஒருவர் சொன்னால், அவர் தாம் தூங்கியதை ஒப்புக்கொள்ளவில்லை. யாரோ தம்மைப் பற்றி அப்படிச் சொல்லித் திரிகிறார்கள், அது பொய் என்பதே பொருள். தன்னைப் பற்றிய செய்தியைத் தான் பிறர்வழிக் கேட்டிருக்க முடியாது என்பதால், ‘ஆம்’ அங்கே மறுப்பாக மாறிவிடுகிறது. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் முழுவதும் இதுதான்.

பழைய விடுதிகளின் பேய்க்கதைகள் இத்தகைய தரவுக்குப் பொற்சுரங்கம். வீட்டுப் பேய்க்கு ஒரு குடும்பம் சாட்சி. விடுதிப் பேய்க்கு அப்படி யாருமில்லை. தங்குபவர்கள் ஓரிரவில் போய்விடுகிறார்கள், முதலாளி மாறுகிறார், எஞ்சுவது காவலாளி, சமையற்காரர், அறை துடைப்பவர். கதை அவர்கள் வாயில்தான் வாழ்கிறது. கிப்ளிங் இதைக் கூர்ந்து பார்த்திருக்கிறார். 1888-இல் நூலாக வெளிவந்த அவருடைய பேய்க்கதைத் தொகுப்பில் ஒரு தபால் பங்களாக் கதை உண்டு. இரவில் பக்கத்து அறையில் பில்லியர்ட்ஸ் பந்துகள் மோதும் ஓசை கேட்கிறது. அறையிலோ அந்த ஆட்டத்துக்குரிய மேசையே இல்லை. மறுநாள் கிழட்டுக் கான்சாமாவைக் கேட்க, இரயில்பாதை போட்ட சாகிபுகள் காலத்தில் இது பில்லியர்ட்ஸ் அறையாகத்தான் இருந்தது, ஆடும்போதே ஒரு சாகிபு செத்துவிழுந்தார் என்று அவர் சொல்கிறார். ஓர் எலியும் கழன்ற சன்னல் கொக்கியும்தான் அந்த ஓசை என்று பிறகு தெரிகிறது. கதைசொல்லிக்கு அதில் பெருத்த ஏமாற்றம். துருவிப் பார்க்காமல் விட்டிருந்தால் நல்ல பேய் ஒன்று கையில் இருந்திருக்கும் அல்லவா. எனக்கு அக்கதையில் எலியைவிடக் கான்சாமாவே முக்கியமாகப் பட்டார். அவர் சொன்ன சாவு பொய்யென்று கதையில் எங்கும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் எலி வந்ததும் அந்தச் சாவையும் யாரும் மறுபடி விசாரிப்பதில்லை.

இராஜஸ்தானத்துக் கோட்டா நகரில் சம்பல் ஆற்றங்கரையில் உள்ள பிரிஜ்ராஜ் பவன் இன்னொன்று. பிரிட்டிஷ் ரெசிடென்சியாக இருந்த மாளிகை. பின்னர் அரச குடும்பத்தின் கைக்கு வந்து, அதன்பின் பாரம்பரிய விடுதியாயிற்று. 1857 அக்டோபர் 15 அன்று, கிளர்ந்தெழுந்த கோட்டாப் படையினர் மேஜர் சார்லஸ் பர்ட்டனையும் அவருடைய மகன்கள் இருவரையும் அங்கே கொன்றனர். இது வரலாறு. அவர் பேயாக உலவுகிறார் என்பது ‘ஆம்’ சேர்த்துச் சொல்லப்படுவது. அந்தப் பேய் விருந்தினர் யாருக்கும் தீங்கு செய்வதில்லையாம். இரவுக் காவலாளி கண்ணயர்ந்தால் மட்டும் கன்னத்தில் ஓர் அறை விடுமாம். தூங்காதே என்று அதட்டுமாம். ஆட்சி போய், சமஸ்தானம் போய், மானியம் போய், இத்தனைக்கும் பிறகு அந்தத் துரை இன்னும் இந்தியச் சிப்பந்தியின் தூக்கத்தை மேற்பார்வை செய்துகொண்டிருக்கிறார். பின்காலனியக் கோட்பாட்டு வகுப்பில் இதை எடுத்துக்காட்டாகத் தந்தால் மாணவர்கள் சிரிப்பார்கள். நானும் தந்திருக்கிறேன்.

நம் மரபிலும் தங்குமிடத்துப் பேய் உண்டு. ஔவையார் பெயரால் வழங்கும் கதைகளில், அவர் ஓர் ஊரில் இராத் தங்க இடம் கேட்கிறார். சாவடி இருக்கிறது, ஆனால் அதில் பேய் இருக்கிறது, தங்கியவர் உயிரோடு திரும்பியதில்லை என்கிறார்கள் ஊரார். ஔவை அங்கேயே படுக்கிறார். ஒவ்வொரு சாமத்துக்கும் பேய் வருகிறது. ஒவ்வொரு முறையும் அவர் ஒரு வெண்பாச் சொல்லித் திருப்பியனுப்புகிறார். அந்தப் பேய் முற்பிறவியில் ஓர் அரசகுமாரி என்பார்கள். அவள் காதலனுக்கு எழுதிய ஓலையை அவனால் படிக்க முடியவில்லை. படித்துச் சொன்னவன் பொய் சொன்னான். அவளுடைய உயிர் அதில் போயிற்று. எழுத்தறியாமை ஓர் உயிரைக் குடித்த கதை என்பதால் மொழியியல் மாணவர்களுக்கு இது பிடிக்கும். எனக்கு அதில் வேறொன்று பிடிக்கிறது. ஊரார் அத்தனை பேரும் பேயைப் பற்றிப் பேசுகிறார்கள். பேயிடம் பேசியது ஔவை ஒருவர்தான்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

நான் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர். மெஜஸ்டிக் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள சந்துகளில் ஒன்றில், ஒரு லாட்ஜில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். ரூம் பாயாகச் சேர்ந்து, இரவுநேர ரிசப்ஷன் எழுத்தராகி, அதே நாற்காலியில் ஓய்வு பெற்றார். மூன்று மாடி; முப்பத்தொரு அறைகள்; இருபத்துநான்கு மணிநேர செக் அவுட். பள்ளி விடுமுறையில் சாப்பாட்டுக் கேரியரோடு அங்கே போவேன். தடித்த பதிவேட்டில் வருபவர் ஒவ்வொருவரும் பெயர், வயது, எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், வந்த நோக்கம் என்று நிரப்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ‘நோக்கம்’ என்ற இடத்தில் பெரும்பாலோர் ‘சொந்த வேலை’ என்றே எழுதுவார்கள். கையெழுத்து வராதவர்களுக்கு அப்பாவே நிரப்பி, பெருவிரல் ரேகை வாங்குவார்.

மசூரியின் விடுதி தன் பேயை மறைக்கவேண்டிய தேவை இல்லை. நூறாண்டு கடந்த சாவு, ஓர் ஆங்கிலப் பெயர், ஒரு புகழ்பெற்ற எழுத்தாளரின் தொடர்பு எல்லாம் சேர்ந்து அதற்கு அழகுகூட்டுகின்றன. கோட்டாவும் அப்படியே. நாளொன்றுக்கு இருநூறு, முந்நூறு ரூபாய் வாங்கும் லாட்ஜின் நிலை வேறு. அங்கே ஒரு சாவு என்பது போலீஸ், விசாரணை, காலி அறைகள், பேருந்து நிலையத்து ஏஜெண்டுகள் ஆளை வேறு இடத்துக்குத் திருப்பிவிடுவது. ஆகவே முதலாளிகள் பேச்சை அமுக்குவார்கள். அமுக்கிய இடத்தில்தான் கதை முளைக்கும்.

தொண்ணூறுகளில் பெங்களூரில் இரவில் கதவைத் தட்டும் பேய் ஒன்றின் வதந்தி பரவியதும், வீடுதோறும் கதவில் ‘நாளே பா’ என்று, அதாவது ‘நாளை வா’ என்று, எழுதிவைத்ததும் பலருக்குத் தெரிந்திருக்கும். படிக்கத் தெரிந்த பேய். தினமும் படித்துவிட்டுத் திரும்பிப் போகும். அப்பாவின் லாட்ஜில் ரூம் பாய்கள் அதை எழுத முனைந்தபோது முதலாளி சினந்தாராம். இரவில் வருகிறவனை ‘நாளை வா’ என்று திருப்பியனுப்பினால் லாட்ஜ் எதற்கு?

எங்கள் கதை 107-ஆம் அறையைப் பற்றியது. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அந்த அறையில் யாரோ இறந்தார்கள் என்று அம்மா அத்தையிடம் சொல்வதை அரைகுறையாகக் கேட்டிருக்கிறேன். அதன்பின் அந்தக் கதவிலிருந்த எண் காணாமல் போயிற்று. சில மாதங்கள் அங்கே கிழிந்த மெத்தைகளைப் போட்டுவைத்தார்கள். ஹோமம் ஒன்று நடந்தது. பிறகு ‘106-ஏ’ என்று புதிய தகடு வந்தது. நான் ஒன்பதாம் வகுப்பு வந்தபோது ஹாசன் பக்கத்து ரூம் பாய் ஒருவர் எனக்கு முழுக்கதையையும் சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்தது சம்பவம் நடந்து நாலைந்து ஆண்டுகளுக்குப் பிறகு. ஓர் இளம்பெண். காதலனோடு வந்தவள். அவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். தாழிட்டுக்கொண்டு விஷம் குடித்தாள். இப்போதும் விடியற்காலையில் மாடிப்படியில் ‘கெஜ்ஜெ சப்த கேளுத்தந்தெ’. சலங்கை ஒலி கேட்கிறதாம். ‘ஓடாட்தாளந்தெ’, நடமாடுகிறாளாம். ஒரு வாக்கியம்கூட ‘அந்தெ’ இல்லாமல் முடியவில்லை.

முதுகலை இரண்டாம் ஆண்டில் பருவக் கட்டுரை எழுதவேண்டி வந்தபோது அவரைத் தேடிப் பிடித்து, அந்தக் கதையை மறுபடி சொல்லச் சொல்லிப் பதிவு செய்தேன். நாற்பத்திரண்டு வாக்கியங்கள், முப்பத்தெட்டில் ‘அந்தெ’. கட்டுரை நன்றாக வந்தது. பேராசிரியர் வகுப்பில் வாசிக்கச் சொன்னார். ஒரு கருத்தரங்கில் அதை விரித்துப் பேசினேன். சலங்கை ஒலி வரும் இடத்தில் சற்று நிறுத்துவேன். அரங்கம் சிரித்துக்கொண்டே சில்லிடும். முனைவர் பட்ட ஆய்வேட்டில் இந்தக் கதை பதினான்காம் எடுத்துக்காட்டாக இடம்பிடித்தது.

மசூரியிலிருந்து திரும்பி, தீபாவளிக்கு வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு என் ஆய்வு என்னவென்று சொல்ல நெடுநாளாக எண்ணமிருந்தது. மாலைக் காப்பியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சவாய் ஹோட்டல் கதையைச் சொன்னேன். ‘உள்ள தாழ்ப்பா போட்டிருந்துச்சா?’ என்று மட்டும் கேட்டார். கோட்டாப் பேயைச் சொன்னதும் சிரித்தார். “செத்தும் நைட் டியூட்டியா அந்த ஆளுக்கு?” பிறகு கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். நான் அதைக் கவனித்தேன் என்று இப்போது சொல்லலாம். அப்போது கவனிக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, பதினான்காம் எடுத்துக்காட்டைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். நம் லாட்ஜுதான்ப்பா, உங்கள் 107.

அப்பா கேட்ட முதல் கேள்வி: “பொம்பளைன்னு யாரு சொன்னா?”

“அப்படித்தாம்ப்பா எல்லாரும் சொல்றாங்க.”

“அது ஆம்பளைம்மா. அறுபது வயசு இருக்கும். திருவண்ணாமலைப் பக்கம்.”

ஒலிப்பதிவுக் கருவியை எடுக்கக் கை போயிற்று, எடுக்கவில்லை. அப்பா சொன்னது இதுதான்.

அவர் ஒரு விவசாயி. தொண்டையில் புற்று. இங்குள்ள மருத்துவமனை ஒன்றில் பார்ப்பதற்காக மகன் அழைத்துவந்திருந்தான். பணம் போதவில்லை, மகன் ஊருக்குப் போய்ப் புரட்டிக்கொண்டு இரண்டு நாளில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். போகும்போது அப்பாவிடம், ‘அண்ணே, கொஞ்சம் பாத்துக்கங்க’ என்றான். கிழவருக்குப் பேச்சு மூச்சுக்காற்றாகத்தான் வரும். மூன்று வேளையும் கஞ்சிதான். பக்கத்து மெஸ்ஸில் சொல்லி அப்பாவே வாங்கித் தந்தார். இரவில் இரண்டொரு முறை கீழே இறங்கிவந்து ரிசப்ஷன் எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அப்பா அவரிடம் ஊரைப் பற்றிக் கேட்பார். அவர் கையால் பதில் சொல்வார். மழை இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை, மாட்டை விற்றாயிற்று. எல்லாவற்றுக்கும் கை போதுமாக இருந்தது.

அந்த இரவு ஒன்பது மணிக்கு ஒரு பக்கெட் வெந்நீர் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் மருத்துவமனையில் டோக்கன் வாங்க வேண்டும். வரிசை ஆறு மணிக்கே நீண்டுவிடும். விடியற்காலையில் எழுப்பிவிடுமாறு கேட்டார். அப்பா, எத்தனை மணிக்கு என்றார். அவர் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினார்.

பகல்நேர எழுத்தர் விடுப்பிலிருந்ததால் அப்பா அன்று இரட்டை ஷிப்ட். நாற்காலியில் இருந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். பால்வண்டி கிரேட்டுகளை இறக்கும் ஓசையில் விழித்தபோது சுவர்க்கடிகாரத்தில் ஐந்து ஐம்பது. மாடியேறி ஓடிக் கதவைத் தட்டினார். பதில் இல்லை. தாமாகவே எழுந்து போயிருப்பார் என்று நினைத்தார். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது என்பது அவர் சொன்ன சொல். சாவி மாட்டும் பலகையில் 107-இன் சாவி இல்லை. அதை அப்போதே பார்த்தாராம். இல்லை, ‘பார்த்தேன்’ என்றுதான் சொன்னார். ‘ஆம்’ என் கையிலிருந்து வருகிறது. எட்டு மணிக்கு ரூம் பாய் வந்து, கதவு உள்ளே தாழிட்டிருப்பதாகச் சொன்னான். கடப்பாரையால் நெம்பித் திறந்தார்கள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுத் தூங்குவதுபோல் இருந்தார். வெந்நீர் பக்கெட் நிறைந்தபடி ஆறிப்போயிருந்தது.

போலீஸ் வந்தது. மகஜர் எழுதினார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, இரவு ஒன்று இரண்டு மணிக்கே உயிர் போயிருக்கும், நோய்தான் காரணம் என்று சொன்னார். நஞ்சு இல்லை, காதலன் இல்லை, சலங்கை இல்லை. வழக்கும் இல்லை.

“அப்படின்னா நீங்க அஞ்சு மணிக்கே தட்டியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுப்பா” என்றேன்.

அது அவருக்குத் தெரியாததா. எத்தனை ஆண்டுகளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட வாக்கியமோ அது. தலையை ஆட்டினார். பிறகு சொன்னார்: “ஏட்டு கேட்டாரு, எத்தனை மணிக்கு எழுப்பப் போனேன்னு. அஞ்சு மணிக்குத் தட்டினேன்னு சொன்னேன். அப்படியே எழுதிக்கிட்டாரு. கையெழுத்துப் போட்டேன்.”

மகன் மறுநாள் வந்தான். பணத்தோடு வந்தான் என்பதை அப்பா இரண்டு முறை சொன்னார். உடலை வண்டியில் ஏற்றிய பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ‘நீங்களாவது நேரத்துக்குப் போய்ப் பாத்தீங்களேண்ணே’ என்றானாம். இந்த ‘ஆம்’ சரியானது, நான் கேட்டதுதான்.

என் துறைசார்ந்த ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்று விதித்தது. கண்டதைக் கண்டவர் சொல்ல வேண்டும், கேட்டதைக் கேட்டவர் சொல்ல வேண்டும். ‘ஆம்’ சேர்ந்த வாக்கியம் நீதிமன்றத்தில் செல்லாது என்பதை மாணவர்களுக்கு நான் சட்டத்தைக் காட்டித்தான் விளக்குவேன். ஒட்டு இல்லாத வாக்கியம் சாட்சியின் வாக்கியம். ஒட்டு உள்ளது வதந்தியின் வாக்கியம். என் ஆய்வேட்டின் நடுத்தூண் இது. 107-ஆம் அறையைப் பற்றி ஒட்டில்லாத, நேரடியான, கையொப்பமிட்ட வாக்கியம் ஒன்று காவல்நிலையத்தில் எங்கேனும் மட்கிக்கொண்டிருக்கக்கூடும். ‘ஐந்து மணிக்குக் கதவைத் தட்டினேன்.’ இலக்கணப்படி அதில் குற்றமே இல்லை.

‘தூங்கிவிட்டேன்’ என்று அப்பா என்னிடம் சொன்னதையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்னது ‘தூங்கிட்டேன்’. ‘விடு’ என்னும் துணைவினை செயல் முடிந்ததையும், தன் வசமின்றி நடந்ததையும் ஒருங்கே காட்டும் என்று பாடம் நடத்துவோம். அவர் அந்தச் சொல்லில் தன் வசமின்மையை ஒரு சாக்காக வைத்துக்கொள்ளவில்லை. அதை எப்படி அறிந்தேன் என்று கேட்டால் குரலைத்தான் சொல்ல முடியும். பகுப்பாய்வுக்கு அதில் ஒன்றும் இல்லை.

லாட்ஜில் இருந்த யாருக்கும், பகல் எழுத்தருக்கோ முதலாளிக்கோ மெஸ்காரருக்கோ, அந்தக் கிழவரை அறிந்திருந்தவர்கள் அத்தனை பேருக்கும், அங்கே பேய் இருப்பதாகத் தோன்றியதே இல்லை என்றார் அப்பா. பேய் வந்தது அதன்பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களால்தான். எண் இல்லாத கதவைப் பார்த்தார்கள்; காரணம் கேட்டார்கள்; யாரும் சொல்லவில்லை. நோய்ப்பட்ட கிழவர் ஒருவர் தூக்கத்தில் இறந்ததைக் கொண்டு இரவு இரண்டு மணிக்கு யாரையும் விழித்திருக்கச் செய்ய முடியாது. ஆகவே அவரை அகற்றிவிட்டு, அந்தக் கட்டிலில் ஓர் இளம்பெண்ணைக் கிடத்தினார்கள். நான் அவளுக்குச் சலங்கை ஒலியின் இடம் பார்த்து நிறுத்தம் சேர்த்தேன்.

“நீங்க ஏன்ப்பா இத்தனை நாளா அந்தக் கதையைத் திருத்தலை? உங்க காது படவும்தானே பேசியிருப்பாங்க?”

“எதைன்னு திருத்தறது? கிழவருன்னு ஆரம்பிச்சா மிச்சத்தையும் கேப்பாங்க இல்ல.”

அந்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நாலே முக்காலுக்கு முன்னறையில் விளக்கு எரிந்தது. ஓய்வு பெற்று ஆறாண்டுகள் ஆகியும் அப்பா அந்த நேரத்துக்கு எழுந்து, முகம் கழுவி, சும்மா உட்கார்ந்திருப்பார். வயதானால் தூக்கம் குறையும் என்று அம்மாவும் நானும் சொல்லிக்கொள்வோம். எப்போதிலிருந்து இந்தப் பழக்கம் என்று அம்மாவைக் கேட்டேன். நீ சின்னப் பிள்ளையா இருக்கச்சே இருந்தே இப்படித்தான், டியூட்டி இல்லாத நாளிலும், என்றாள்.

இதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். “எழுதிக்கோ. அவரு பேரு மட்டும் வேணாம்” என்றார். பெயர் அவருக்கு நினைவிருக்கிறது. ஊர்ப்பெயரும், பதிவேட்டில் எந்த வரியில் இருந்தது என்பதும். ‘நோக்கம்’ என்ற இடத்தில் மகன் ‘வைத்தியம்’ என்று எழுதியிருந்தான்.

பல்கலைக்கழகம் திரும்பியதும் பதினான்காம் எடுத்துக்காட்டை நீக்கிவிட எண்ணினேன். எண்ணை மட்டும் கழற்றிவிட்டுக் கதவை அப்படியே விடுவதுபோல் அது தோன்றியதால் நீக்கவில்லை. கதை ‘அந்தெ’களோடு அப்படியே நிற்கிறது, அந்த ரூம் பாய் சொன்னது உண்மை, அவர் சொன்னபடி சொன்னார் என்ற அளவில். அடிக்குறிப்பு ஒன்று சேர்த்தேன்: ‘இவ்வறையில் இறந்தவர் பெண் அல்லர்; ஏறத்தாழ அறுபது வயதுடைய ஆண்; நோயால் இறந்தார்.’ மூன்று பயனிலைகள். ஒன்றிலும் ஒட்டு இல்லை.

சென்ற வாரம் இயல் திருத்தத்தோடு திரும்பி வந்தது. நெறியாளர் அந்த அடிக்குறிப்பைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் ஒரு சொல் எழுதியிருக்கிறார்: ‘சான்று?’

இன்னும் பதில் எழுதவில்லை.